திரைக்குக் கீழே தெரிந்த கால்

1

தலைமையாசிரியர் ஐயாவின் கடிதம் போன வாரம் வந்தது. செய்யாற்றுக்குப் பக்கத்தில் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கு இந்த வருடம் பொன்விழாவாம். மலர் போடுகிறார்கள். 'பூனாவில் உலக எழுத்தாளர்கள் கூடிய மேடையில் தமிழ்க் கவிதை வாசித்த நம் பழைய மாணவர்' என்று என்னைக் குறிப்பிட்டு, அந்த அனுபவத்தை நான்கு பக்கத்துக்குள் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு புகைப்படமும்.

ஐயா, அந்த மேடையில் நான் வாசிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் ஊரில் ஆறு வருடமாக என் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். ஒரு வரியில் முடித்தால் அவரைப் பொய்யர் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். பொய் அவருடையது அல்ல. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

2

பதினேழு வயதில் இந்தப் பூனாவுக்கு வந்தேன். என் தாய்மாமன் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். என்னையும் அங்கே சேர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த குமாஸ்தா எட்டாவது பாஸ் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். ஐந்தாவதுதான் என்றதும் தாளை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அன்று முதல் எந்த அலுவலகத்திலும் யாராவது தாளை நீட்டினால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாமாவுக்குத் தெரிந்த ஒரு மராட்டியர் மண்டப காண்டிராக்டர்; இங்கே பந்தலுக்கு மண்டபம் என்றுதான் பேர். கல்யாணம், கணபதி விழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பந்தல் போட்டு, மேடை கட்டி, கம்பளம் விரித்து, நாற்காலி போடுவார். அவரிடம் சேர்ந்தேன். இன்றைக்கும் அவர் மகனிடம்தான் இருக்கிறேன். மாமா மகளையே கட்டிக்கொண்டு போபோடியில் குடியிருக்கிறேன். அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

போபோடி சந்துகளில் அப்போது நம் ஆட்கள் நிறையப் பேர். பலருக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க் கடிதங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். நான் வாசிப்பேன். யாரிடமும் தலை நிமிர்ந்து பேச வராத எனக்குக் கடிதம் கையில் வந்தால் குரல் வந்துவிடும். அது வேறு ஒருவருடைய பேச்சு அல்லவா.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணால் மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். சாவுச் செய்தி இருந்தால் மடித்து வைத்துவிட்டு, 'முதல்ல டீ குடி' என்பேன். குடித்து முடித்த பிறகுதான் வாசிப்பேன். போகப் போக இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் டீ என்று சொன்னாலே, 'யாரு போயிட்டாங்க?' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் ஒரே மகள் செல்வி அப்போது சின்னப் பெண். கடிதம் வாசிக்கும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்பாள். நான் மூச்சு விடும் இடத்தில் அவளும் மூச்சு விடுவாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மராட்டியும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு சிலேட்டு வாங்கினேன். பந்தல் சீசனில் நான் வீட்டுக்கு வருவதே அபூர்வம். 'க'வரிசை முடிவதற்குள் சிலேட்டு உடைந்துவிட்டது. பிறகு எல்லா வீட்டுக்கும் போன் வந்தது. கடிதம் நின்றது. அவள் தோழிகளோடு மராட்டியிலும் எங்களோடு அரைத் தமிழிலும் பேசி வளர்ந்து, காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் எடுத்துப் படித்தாள்.

3

அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போதுதான் இந்த விழா. நான்கு நாள். எந்தெந்த நாட்டிலிருந்தோ எழுதுகிறவர்கள் வந்து தங்கள் புத்தகத்திலிருந்து வாசிப்பார்கள். நாலைந்து பேராக உட்கார்ந்து விவாதிப்பார்கள். காலேஜ் பிள்ளைகள் தொண்டு செய்தார்கள். செல்வி கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். மேடையும் நாற்காலியும் எங்கள் முதலாளியின் காண்டிராக்ட்.

கடைசி நாள் ஒரு தமிழ்க் கவிஞர் வருவதாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நார்வேயில் குடியிருப்பவர். அவருடைய ஒரு கவிதையையாவது இந்த ஊரில் வாழும் தமிழர் ஒருவர் வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தாராம். ஆள் தேடினார்கள். செல்வி கையைத் தூக்கிவிட்டாள்.

"எங்கப்பா படிப்பாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள் வீட்டில்.

"நானா?"

"நீங்கதான். வேற யாரு? ஏரியா முழுக்க உங்க வாய்லதானே லெட்டர் கேட்டுச்சு."

"அது லெட்டரு, பாப்பா."

"இதுவும் லெட்டர்தாம்ப்பா. கொஞ்சம் சின்னச் சின்ன லைனு. அவ்ளோதான்."

என் மனைவி உள்ளேயிருந்து, "இவரு மைக் முன்னாடி நின்னா மைக்குதான் பேசணும்" என்றாள். மூவரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

பிறகு ஒரு படிவம் கொண்டுவந்தாள். பெயர், வயது, முகவரி. அறிமுகம் செய்வதற்கு வேண்டுமாம்.

"தொழில் என்ன எழுதட்டும்?"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. "பிசினசுன்னு எழுதிக்கோ" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அச்சா" என்று மட்டும் சொன்னாள்.

கவிதையின் நகல் வந்தது. ஒரு பக்கம்தான். கவிஞர் அங்கே ஒரு ஓட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை பார்க்கிறவர். கவிதையும் அதைப் பற்றியதே. ஒரு நாளைக்குப் பதினாறு அறை, பதினாறு படுக்கை. கடைசியில், 'நான் விரித்த எதிலும் நான் படுத்ததில்லை' என்று முடியும். முதல்முறை படித்தபோது மடித்து வைத்துவிட்டு நானே ஒரு டீ குடித்தேன்.

இரண்டு வாரம் தினமும் வாசித்துப் பழகினேன். செல்வி இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை எனக்குப் பிறகு வாசிக்க வேண்டும். நான் எந்த வரியில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காக, நான் சொல்லச் சொல்லத் தமிழ்க் கவிதையை மராட்டி எழுத்தில் எழுதிக்கொண்டாள். நம் ஆட்களின் பிள்ளைகள் இங்கே சாமி பாட்டெல்லாம் அப்படித்தான் எழுதிவைத்துப் பாடுவார்கள். நான் மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு. இருமினாலும் ஒரு கோடு போட்டாள். 'அது வேணாம் பாப்பா' என்றதற்கு, 'இருக்கட்டும், உங்க ஸ்டைலு' என்றாள்.

4

அன்றைக்கு லீவு சொல்லியிருந்தேன். விடிந்ததும் முதலாளியின் மகன் ஆள் அனுப்பிவிட்டான். இரண்டு பேர் வரவில்லை. பின்திரை கட்ட ஆள் இல்லை. செல்வி அதற்குள் கிளம்பிப் போயிருந்தாள். என் மனைவி ரேஷன் கார்டில் விலாசம் மாற்றுவதற்காக அலுவலக வரிசையில் நிற்கப் போய்விட்டாள். மூன்றாம் முறையாக வரச் சொல்லியிருந்தார்கள், விட முடியாது. நான் வெள்ளைச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வேலையை முடித்துவிட்டு உடை மாற்றி முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது திட்டம்.

என்னிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. வேலைக்காரர்களுக்குச் சிவப்பு அட்டை, பின்வாசல் வழி. விருந்தினர்களுக்கு நீல அட்டை, முன்வாசல் வழி. காலையில் சிவப்பு அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்தேன்.

பின்திரையை நான்தான் கட்டினேன். தரையைத் தொடாமல் ஒரு சாண் தூக்கிக் கட்ட வேண்டும். மைக் ஒயர்கள் அந்த வழியாகத்தான் வரும். கட்டும்போது ஒரு இரும்புக் குழாய் வலது காலில் விழுந்து பெருவிரல் நகம் பிளந்தது. மேடை ஜோடனைக்கு வைத்திருந்த மஞ்சள் சாட்டின் துணியில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக்கொண்டேன். கம்பளத்தின்மேல் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. வெறுங்கால்தான்.

கவிஞரின் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு விவாதம் நடந்தது. மூன்று நாட்டுக்காரர்களும் மராட்டியர் ஒருவரும். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனால் நாற்காலி போடுகிறவனுக்குக் கூட்டம் புரியும். ஒருவர் சொல்வதை மற்றவர்கள் தலையாட்டி ஏற்றுக்கொண்டே ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பின்வரிசையில் முப்பது நாற்காலி காலியானது. கவிஞர் வந்ததும் அந்த முப்பதும் நிரம்பியது. நான் திரைக்குப் பின்னால் போய் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டேன். நீல அட்டையைச் சட்டைப் பையில் தெரியும்படி வைத்துக்கொண்டேன். தலைகூட வாரினேன். முன்வரிசைக்குப் போய் உட்காருவதுதான் பாக்கி.

இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நேரம் இல்லாமல் போகவில்லை. சட்டை இல்லாமல் போகவில்லை. நான் தயாராகத்தான் நின்றேன்.

கவிஞர் முதலில் தமிழில் இரண்டு வார்த்தை பேசினார். "நான் அங்க ஒரு ஹோட்டலில அறையள் துப்பரவாக்கிறன். அதில எனக்கு வெக்கமில்லை. என்ர கவிதை அந்த வேலையில இருந்துதான் வருகுது." பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னார். அந்த மண்டபத்தில் அவருடைய தமிழைத் தமிழாகவே கேட்டவர்கள் செல்வியும் நானும்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்துச் செல்வி மைக்குக்கு வந்தாள். மராட்டியில் என்னை அறிமுகம் செய்தாள். பிசினஸ் என்று சொல்லவில்லை.

"அடுத்து வாசிக்கப் போகிறவர் என் அப்பா, பெருமாள். ஐந்தாவதுவரை படித்தவர். எங்கள் சந்தில் எல்லோருக்கும் ஊர்க் கடிதம் வாசித்தவர். இருபத்தெட்டு வருடமாக இந்த நகரத்தில் மண்டபம் கட்டுகிறார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அவர் போட்டதாக இருக்கலாம்."

மண்டபம் சிரித்தது. சிலர் தங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அது நல்ல சிரிப்புதான். அன்பான சிரிப்பு. இன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்போது என் காதில் அந்தக் குமாஸ்தா தாளைத் திருப்பிக் கொடுத்த சத்தம் கேட்டது. ஒயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எங்கள் பந்தல் ஆட்கள் இருவர் என்னைப் பார்த்து, "அரே, பெருமாள் சேட்" என்று இளித்தார்கள்.

செல்வி என் பெயரை மறுபடியும் சொன்னாள். கைதட்டினார்கள். நான் நகரவில்லை. விழாக்காரர் ஒருவர், கையில் பட்டியலோடு, பின்பக்கம் வேகமாக வந்தார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"பெருமாள் ஆப் ஹை க்யா?"

"நஹீ சாப்" என்றேன். "வோ நஹீ ஆயா."

பெருமாள் நீங்கள்தானா என்றார்; நான் இல்லை, அவர் வரவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது என் வலது கை தானாக மேலே போய்ச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. அதில் நீல அட்டை இருந்தது. அதில் என் பெயர் இருந்தது. எங்கள் ஆட்கள் இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

5

மைக்கில் ஒரு தாள் பிரியும் சத்தம். செல்வி வாசிக்கத் தொடங்கினாள். தமிழில்.

மராட்டி எழுத்தில் எழுதி வைத்திருந்த அந்தத் தாளிலிருந்து வாசித்தாள். உச்சரிப்பு அங்கங்கே வழுக்கியது. ஆனால் நிறுத்திய இடமெல்லாம் நான் நிறுத்துகிற இடம். நான் இருமிய இடத்தில்கூட ஒரு கணம் நின்றாள். என் மூச்சை என் மகள் விட, திரைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

'நான் விரித்த எதிலும் நான் படுத்ததில்லை' என்று முடித்தபோது நீண்ட நேரம் கைதட்டினார்கள்.

கீழே இறங்கும்போது கவிஞர் கேட்டது என் காதில் விழுந்தது. "உங்கட அப்பா வரேல்லையோ, பிள்ளை?"

"அவருக்கு உடம்பு சரியில்ல மேடம்."

"ஐயோ. நான் அவருக்கெண்டு ஒரு புத்தகம் வச்சிருந்தனான்."

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பழையதைப் போட்டுக்கொண்டேன். காலில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துச் சாக்கடையில் எறிந்தேன். முதலாளி அவசரமாகச் சிஞ்ச்வட்டுக்கு ஒரு கல்யாண வேலைக்கு அனுப்பிவிட்டார் என்று ஒரு பொய்யைப் பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டேன்.

வீட்டில் என் மனைவி வாசலிலேயே கேட்டாள். "இன்னா, பட்ச்சியா? பயந்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி உள்ளேயிருந்து சொன்னாள்: "நல்லா படிச்சாச்சும்மா. எல்லாரும் கை தட்னாங்க."

யார் படித்தது என்று அவள் சொல்லவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தோன்ற வேண்டிய காரணமும் இல்லை. அப்போதே தன் ஓரகத்திக்கு, அதாவது என் அண்ணிக்கு, போன் போட ஓடினாள்.

செல்வி ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "கால நீட்டுங்கப்பா" என்றாள். நீட்டினேன். நகத்தைச் சுற்றிக் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்த மஞ்சத் துணி எங்கப்பா?"

ஒரு சாண் இடைவெளி. அதை விட்டுக் கட்டியவன் நானே. மேடையில் நின்றுகொண்டு என் பெயரைக் கூப்பிட்டபோதே, திரும்பிப் பார்த்த என் மகள் திரைக்குக் கீழே என் காலைப் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டேதான் தாளைப் பிரித்திருக்கிறாள்.

அவள் மருந்து போட்டுவிட்டு எழுந்தாள். கவிஞர் கொடுத்த புத்தகத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். முதல் பக்கத்தில், 'போபோடித் தமிழ் வாசகருக்கு. கெதியாகச் சுகமாகி வாங்கோ' என்று எழுதியிருந்தது.

6

இதோடு முடிந்திருந்தால்கூட எனக்குள் வைத்துக்கொண்டிருப்பேன். அடுத்த ஆடிக் கூழுக்கு மூவரும் ஊருக்கு வந்தோம். அண்ணன் வீட்டில் பந்தி. பத்துப் பேருக்கு நடுவில் அண்ணன் கேட்டார்.

"இன்னாடா தம்பி, வெளிநாட்டுக்காரங்க முன்னாடி மேடையேறித் தமிழ் பட்ச்சியாமே. எங்க வாத்தியார் இருந்திருந்தா சொக்கிப் பூட்டிருப்பாரு. நெசந்தானே?"

எல்லோரும் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். எதிரில் செல்வி.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. செல்வி பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். அண்ணி, "இன்னாடி கண்ணு, காரமா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள்.

மேடைக்கு வராததை அவள் மன்னித்துவிட்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கூச்சம் அவளுக்குப் புரியும்; என்னோடு வளர்ந்தவள். தான் வாசித்ததை நான் எடுத்துக்கொண்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. தமிழில் பேசுவதுதான் குறைந்துபோனது. முதலில் பாதி, பிறகு முழுவதும் இந்தி. இப்போது நாக்பூரில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். 'கானா கா லியா, பப்பா?' என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அம்மாவிடம் கொடு என்பாள்.

இதை எழுதி முடித்ததும் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"முதல்ல டீ போடு. குடிச்சுட்டுக் கேளு" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. குடி."

குடித்தாள். வாசித்தேன். மஞ்சள் துணி வந்த இடத்தில் தம்ளரைக் கீழே வைத்தாள். முடிக்கும்வரை கேட்டாள்.

"ஆறு வருசம்" என்றாள். "ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லல."

"ம்."

"இன்னும் ம்முன்னு சொல்லாத நீ."

பிறகு எழுந்து தம்ளரைக் கழுவினாள். அங்கிருந்தே கேட்டாள். "ஊருக்கு எழுதுன, சரி. அவளுக்கு?"

"அவளுக்குத் தமிழ் படிக்க வராதே."

"அந்தக் கவிதைய அவ எந்த எழுத்துல எழுதிக்கினா? உனக்குக் கை இல்லியா?"

எனக்கு மராட்டி எழுத்து பஸ் பலகையைப் பார்த்தும், நாற்காலிக் கணக்கில் கல்யாண வீட்டுக்காரர் பெயர் எழுதியும் வந்ததுதான். கோணல்மாணலாக இருக்கும். இருந்தாலும் ஒரு நோட்டு வாங்கி, இதே குறிப்பைத் தமிழ்ப் பேச்சாகவே மராட்டி எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு போடுகிறேன்.

ஐயா, மலரில் என் பெயருக்குக் கீழே ஏதாவது போட வேண்டுமென்றால் மண்டபத் தொழிலாளி என்று போடுங்கள். கவிதை வாசித்தவர் பெயர் பெ. கலைச்செல்வி. அண்ணனுக்கு நானே தனியாக எழுதுகிறேன்.

உங்களுக்கான பிரதி இன்றைக்குத் தபாலில் போகிறது. மகளுக்கானது மெதுவாகத்தான் நகர்கிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். அதில் நான் இன்னும் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறேன். விழாக்காரர் பட்டியலோடு வந்து, பெருமாள் நீங்கள்தானா என்று கேட்டுவிட்டார். நாளைக்கு நான் சொன்ன பதிலை எழுத வேண்டும்.